அட்டையில் தைத்த கோடு

ஜவுளிக்கடைப் பையிலிருந்து அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமேல் வைத்தார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், கல்லூரி அனுப்பிய கடிதம், கட்டண ரசீதுகள். கடைசியில் ஐந்தாறு தடித்த அட்டைகள். புதுச்சேலை மடிப்புக்குள் வைத்துத் தருவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொன்றிலும் கறுப்பு நூலால் கோடுகள் தைக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் நூலை முடிச்சிட்டுப் புள்ளி வைத்திருந்தது.

“இது என்னம்மா?” என்றேன்.

மகள்தான் பதில் சொன்னார். “டிமாண்ட், சப்ளை ரெண்டு கோடும் மேடம். வெட்டிக்கிற இடத்துல முடிச்சு இருக்கும், தொட்டுப் பாருங்க. நான் சொல்லச் சொல்ல அம்மா தைச்சுக் குடுத்தாங்க.”

அம்மா வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வயது 22. தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. பொருளாதாரம் முதலாண்டு. வேறொரு கல்லூரியில் பி.ஏ.வை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவருக்கு இங்கே முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர். பெயர்கள் இங்கே வேண்டாம். அவரை மனுதாரர் என்றே சொல்கிறேன்.

தேர்வு அறையில் நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். சொல்வதைக் கேட்டு எழுத, தானே ஒரு ஸ்கிரைப்பை அழைத்துப் போயிருக்கிறார். தேர்வுப் பிரிவு அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அரை மணி நேரம் கழித்து, கல்லூரியே பி.ஏ. தமிழ் படிக்கும் ஒரு மாணவியைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. “கிடை அச்சில் அளவு, செங்குத்து அச்சில் விலை, இடது மேலேயிருந்து வலது கீழே ஒரு கோடு” என்று மனுதாரர் சொல்லத் தொடங்கியதும் கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். படத்தை வாயால் சொல்லி வரைய வைக்கக் கூடாதாம். படம் வரைந்து விளக்கச் சொன்ன கேள்விகள் எல்லாமே அதோடு போயின. கூடுதல் நேரமும் தரவில்லை.

பிறகு அந்தக் கடிதம். மாணவியின் நலன் கருதி, வரைபடங்களும் கணக்கும் இல்லாத தமிழ் அல்லது வரலாற்றுத் துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்று துறைத்தலைவர் எழுதியிருந்தார். கடுஞ்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பெற்ற பெண்ணுக்கு எழுதுவதைப் போன்ற பரிவோடு எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக இத்தகைய வழக்குகளை நடத்தியதில் நான் கண்டது இது: மாற்றுத்திறனாளியை ஒதுக்கும் சொல் நம் ஊரில் வசையாக வருவது குறைவு. “உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்” என்றுதான் வரும். ஏபிலிசம் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவது இதைத்தான். கண் தெரிகிற, காது கேட்கிற, நடக்கிற உடம்பை மட்டும் அளவாக வைத்துப் பாடத்தையும் கட்டடத்தையும் பரீட்சையையும் அமைத்துவிட்டு, அந்த அளவுக்குள் வராதவரைப் பார்த்து இது உனக்கானது இல்லை என்று அன்போடு சொல்வது. வசையை நீதிபதியிடம் காட்டிவிடலாம். அன்பைக் குற்றமென்று காட்டுவதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அன்றிரவே மனுவைத் தயாரித்தேன். அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் ரிட் மனு. சட்டம் தெளிவாக இருந்தது. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2013இலும் 2018இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஸ்கிரைப்பைத் தானே அழைத்து வருவதா, தேர்வு நடத்துவோரிடம் கேட்பதா என்று முடிவெடுக்கும் உரிமை அப்போது தேர்வு எழுதுபவருக்கே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடாகத் தர வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். மூன்று தாள்களையும் மறுபடி எழுத அனுமதி, சொந்த ஸ்கிரைப், கூடுதல் நேரம், துறை மாறச் சொன்ன கடிதத்தை ரத்து செய்தல் என நான்கு கோரிக்கைகள். காகிதத்தில் அச்செடுத்து, திருத்தி, ஸ்கேன் செய்து மனுதாரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், நீங்க அனுப்பினது வெறும் படமா இருக்கு. என்விடிஏ எதையுமே வாசிக்கல.”

என்விடிஏ என்பது கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் இலவச மென்பொருள். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கியது. நம் கல்லூரிகளில் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் பலருக்கும் புத்தகமும் நோட்டும் அதுதான். ஸ்கேன் செய்த பக்கம் அதற்கு ஒரு புகைப்படம். அதில் எழுத்தே கிடையாது. கல்லூரி இவருக்குச் செய்ததை எதிர்த்து நான் எழுதிய மனுவை இவரால் படிக்க முடியாத வடிவத்திலேயே இவருக்கு அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்க்க முடியாத ஒன்றில் கையெழுத்துக் கேட்டிருப்பேன். அந்த வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது. தட்டச்சு செய்த கோப்பாகவே மறுபடி அனுப்பினேன்.

அன்று மாலை மீண்டும் அழைத்தார். வழக்கமாக யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“மேடம், பரீட்சை பத்தி எல்லாம் இருக்கு. கிளாஸ் பத்தி ஒண்ணுமே இல்லையே?”

“கிளாஸ்ல என்னம்மா பிரச்சினை?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்குக் கிடைக்கிறது ‘இது’, ‘இங்க’, ‘இப்படி’ங்கற மூணு வார்த்தைதான் மேடம். ‘இந்தக் கோடு இங்கிருந்து இங்க நகர்ந்தா இது இப்படி மாறும்’னு சொல்லிட்டு சார் போர்டுல வரைவாரு. எல்லாரும் எழுதுவாங்க. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்புறம் நாலு மணி நேரம் குடுத்தாலும் பரீட்சையில எதை எழுதுறது?”

பள்ளிக்கூடத்தில் சுட்டெழுத்து மூன்று என்று நாம் எல்லோரும் படித்தோம். கையால் காட்டுகிறவனுக்கும் கண்ணால் பார்க்கிறவனுக்கும் நடுவில் மட்டும் அவை வேலை செய்கின்றன என்பதை ஒருவர் சொல்லித்தான் நான் யோசித்தேன். மனுவை முதலிலிருந்து எழுதினேன்.

வகுப்பைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எழுதியதில் பிரமாணப் பத்திரம் பதினோரு பக்கம் ஆனது. பாடத்தைப் பதிவு செய்ய விடவில்லை, வளாகத்தில் செல்போனுக்குத் தடை. துறை கொடுத்த தமிழ்க் குறிப்புகள் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துருக்களில் திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்தாகவும் குறியாகவுமே பதிவாகியிருக்கும். யூனிகோடில் இருந்தால் மென்பொருள் தமிழாக வாசிக்கும். இதில் வாசித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாகக் காதில் விழும். மாற்றிக் கொடுக்க இணையத்திலேயே கருவிகள் இருக்கின்றன, ஐந்து நிமிட வேலை. அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டும் நடக்கவில்லை. பி.ஏ. படித்த கல்லூரியில் ஒரு பேராசிரியை, வகுப்பு முடிந்ததும் இவர் உள்ளங்கையை விரித்துப் பிடித்து விரலால் கோட்டை வரைந்து காட்டுவாராம். அந்தக் கோட்டைத்தான் இவர் அம்மாவுக்குச் சொல்ல, அம்மா அட்டையில் தைத்தார்.

மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எண்ணாகி, நோட்டீஸ் போய், கல்லூரித் தரப்பு பதில் மனு தாக்கல் செய்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூத்தவர், படித்தவர். இரண்டு வாதங்களை வைத்தார், இரண்டுமே கனமானவை.

ஒன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உள்ளடக்கிய கல்வியைத் தர வேண்டும் என்று சொல்கிற அந்தப் பிரிவின் தொடக்கத்தில் மாற்றுத்திறன் கொண்ட ‘குழந்தைகள்’ என்ற சொல் இருக்கிறது. மனுதாரருக்கு 22 வயது. உயர்கல்விக்கென்று தனியாக உள்ள 32ஆம் பிரிவு சொல்வது ஐந்து சதவீத இட ஒதுக்கீடும் ஐந்தாண்டு வயதுத் தளர்வும் மட்டுமே. இடம் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்றார். இரண்டாவது, சுரேந்திர மோகன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாட்டின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பணியின் தன்மைக்கு ஏற்ப வரம்பு வைக்கலாமென்றால் பாடத்தின் தன்மைக்கு ஏற்பவும் வைக்கலாம் என்பது அவர் வாதம்.

இரண்டாவதற்குப் பதில் கையில் இருந்தது. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பில், நியாயமான தகவமைப்பு என்ற கொள்கையையே கணக்கில் எடுக்காத சுரேந்திர மோகன் தீர்ப்பு, 2016 சட்டம் வந்த பிறகு முன்மாதிரியாக நிற்காது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விகாஷ் குமார், எழுதும்போது கைவிரல்கள் இறுகிக்கொள்ளும் பிரச்சினை உள்ளவர், குடிமைப்பணித் தேர்வர். அவருடைய குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்று ஸ்கிரைப் மறுக்கப்பட்டது. சதவீதம் அதற்கு நிபந்தனையல்ல, தகவமைப்பு என்பது ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாகப் பார்த்துச் செய்ய வேண்டிய கடமை என்றது நீதிமன்றம்.

முதல் வாதம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சட்டத்தில் அந்தச் சொல் இருப்பது உண்மை. நாடாளுமன்றம் பள்ளியை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது என்பது படிக்கிற யாருக்கும் தெரியும். 18 வயதுக்குமேல் படிக்கிறவரைச் சட்டம் பாதி வழியில் விட்டிருக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தமும்கூட. விடை சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே கிடைத்தது. விளக்கங்கள் அடங்கிய 2ஆம் பிரிவில் (எம்) என்ற உட்பிரிவு. உள்ளடக்கிய கல்வி என்றால் என்ன என்று அது சொல்கிறது. மாற்றுத்திறன் உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் சேர்ந்து படிப்பதும், கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் அவரவர் தேவைக்குத் தக்கபடி மாற்றியமைக்கப்படுவதும் என்று. குழந்தை என்ற சொல் அங்கே இல்லை, மாணவர் என்றிருக்கிறது. முக்கியமாக, கற்பிக்கும் முறை என்றிருக்கிறது. கல்லூரியில் சேர்த்துக்கொள்வதோடு விளக்கம் நின்றுவிடவில்லை. அதே 16ஆம் பிரிவின் உட்கூறு ஒன்று, பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் அவர்களுக்கு மிகப் பொருத்தமான முறையில் கல்வி தரவேண்டும் என்று சொல்லும் இடத்தில் ‘நபர்கள்’ என்கிறது. நியாயமான தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என்கிறது 2(எச்). எத்தனை முறை புரட்டிய சட்டம்! தேர்வுப் பிரச்சினை என்று வந்தால் 17ஆம் பிரிவுக்கு நேராகப் போய்ப் பழகிய கண், இரண்டாம் பிரிவைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

இறுதி விசாரணைக்கு முந்தைய வாரம் கல்லூரித் தரப்பிலிருந்து சமரசம் வந்தது. மறுதேர்வு தருகிறோம், ஸ்கிரைப்பும் ஒரு மணி நேரமும் தருகிறோம், வரைபடக் கேள்விகளுக்கு மாற்றுக் கேள்வியும் தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம். பார்வைப் புலன் தேவைப்படும் கேள்விக்கு மாற்றுக் கேள்வி தருவது நெறிமுறைகளிலேயே உள்ளதுதான். தேர்வைப் பற்றிக் கேட்ட எல்லாமும், அதற்கு மேலும் கிடைக்கிறது. எந்த வழக்கறிஞரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். நானும் மகிழ்ச்சியோடுதான் தொலைபேசியை எடுத்தேன்.

“வேணாம் மேடம்” என்றார் மனுதாரர்.

“ஏம்மா? பாஸாகிடுவீங்க.”

“படத்தை எடுத்துட்டா மைக்ரோ எகனாமிக்ஸ்ல பாதி போயிடும். நாளைக்கு நெட் எழுதி வாத்தியாரா போனா, படம் தெரியாத எகனாமிக்ஸ் டீச்சர்னு என்னை யாரு எடுப்பாங்க? எனக்குப் படத்துல இருந்து விலக்கு வேணாம். படத்தைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.”

மாற்றுக் கேள்வியால் பலர் பயனடைந்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சலுகையாக ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு பாதிதான் படித்தார் என்று வேலை மறுப்பதை நான் வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரி. சமரசத்தை மறுத்துவிட்டோம்.

அப்போது அவர் சொன்ன இன்னொன்றையும் வாதத்தில் சேர்த்தேன். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளாதாரக் கோட்பாடுகள் நூலில் வரைபடங்கள் எல்லாம் அடிக்குறிப்பில்தான் இருக்கின்றன. டிமாண்ட், சப்ளை கோடுகளை உலகத்துக்குப் பழக்கியவரே தம் வாதத்தைச் சொற்களால் கட்டி, படத்தைப் பக்கத்தின் அடியில் வைத்திருக்கிறார். அப்படியிருக்க, சொற்களால் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம் என்று கல்லூரி எப்படிச் சொல்லும்?

நூல் தைத்த அட்டைகளை, மனுவோடு தரும் தொகுப்பில் ஆவணமாகச் சேர்க்க விரும்பினேன். நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்புக்கு, எனக்கு என்று மூன்று பிரதிகள் வேண்டும். உதவியாளர் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். வெள்ளைத் தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவில் ஒரு பொட்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற படம். கையால் தடவினால் வழவழவென்று காகிதம். பிரதியில் அந்த அட்டையின் பயன் முழுவதும் போய்விட்டது. கடைசியில் அசல் அட்டையையே எடுத்துப் போனேன்.

விசாரணையில் தேர்வு தொடர்பான கோரிக்கைகளை நீதிபதி பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். கற்பித்தலுக்கு வந்ததும் நிறுத்தினார். “பேராசிரியர் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று நான் உத்தரவு போட முடியுமா?” நியாயமான தயக்கம். கல்வி விவகாரங்களில் நீதிமன்றம் நிபுணர்களுக்கு மேல் உட்காரக் கூடாது என்பது நெடுங்காலமாக இருக்கிற மரபு. 2(எம்) பிரிவை வாசித்தேன். எப்படி நடத்துவது என்பது பேராசிரியரின் விருப்பம், ஆனால் வகுப்பில் இருக்கிற ஒருவருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை என்றேன். செலவு என்ன ஆகும் என்று கேட்டார். சட்டமே அளவுக்கு மீறிய சுமை கூடாது என்று சொல்வதால் அந்தக் கேள்வி வந்தே தீரும். அட்டையைக் கொடுத்தேன். “மை லார்ட், சேலை அட்டை, கொஞ்சம் நூல். தைத்தவர் மனுதாரரின் தாயார், எட்டாம் வகுப்பு படித்தவர்.” அவர் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் காட்டச் சொன்னார். அவரும் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு செலவைப் பற்றி யாரும் பேசவில்லை.

உத்தரவு நான் கேட்டபடி முழுதாக வரவில்லை. மறுதேர்வு, ஸ்கிரைப், கூடுதல் நேரம், துறை மாற்றக் கடிதம் ரத்து ஆகியவை கிடைத்தன. கற்பித்தலைப் பொறுத்தவரை, துறை ஆசிரியர்களும் மனுதாரரும் ஒன்றாக உட்கார்ந்து நான்கு வாரத்துக்குள் எழுத்தில் ஒரு திட்டம் வகுத்து அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்றார் நீதிபதி. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பாகுபாடு என்ற சொல்லை அவர் தீர்ப்பில் எழுதுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒன்றரை மணி நேரம், உன் தேவை என்ன என்று ஒரு மாணவியிடம் அவருடைய ஆசிரியர்கள் கேட்டுக் குறித்துக்கொண்ட காட்சியை எந்தச் சொல்லும் எனக்குத் தந்திருக்காது. ரப்பர் பலகைமேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு புடைத்து எழும் என்று அவர் விளக்கினார். குறிப்புகளை யூனிகோடில், வகுப்புக்கு முந்தைய நாளே. வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி. கடைசியாக ஒன்றை அவரே வாக்கியமாகச் சொல்லி எழுத வைத்தார்: ‘இது’, ‘இங்கே’ என்பதற்குப் பதிலாக அந்தக் கோட்டின், புள்ளியின், அச்சின் பெயரைச் சொல்லவும்.

துறைத்தலைவர் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். “எனக்கு இது தெரியாமப் போச்சும்மா” என்றார். நலன் கருதிக் கடிதம் எழுதியவர் அவர்தான். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த கோபம் குறைந்தது. வேறு இரண்டு ஆசிரியர்கள் திட்டத்தைக் காகிதத்தில் மட்டுமே வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த செமஸ்டரில் ஒரு தாளுக்குக் குறிப்புகள் வரவேயில்லை. அவமதிப்பு மனு போடலாமா என்று கேட்டேன். தினமும் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று வேண்டாமென்றுவிட்டார். அரியர் மூன்றையும் முடித்து, படங்கள் உட்பட எல்லாக் கேள்விகளையும் எழுதி, எம்.ஏ. தேறினார். ஸ்கிரைப் வரைந்த கோடுகள் எல்லாம் அவர் சொல்லி வரைந்தவை.

அதற்கு அடுத்த ஜூலையில் தொலைபேசி வந்தது. “மேடம், அந்த அட்டை உங்ககிட்டதானே இருக்கு? டிபார்ட்மென்ட்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா, அவளுக்கும் பார்வை இல்ல. அம்மாவுக்கு இப்போ கண்ணு சரியில்லை, ஊசி கோர்க்க முடியல. அதான்.”

கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

“நசுங்கிடும் மேடம். முடிச்சு அவிழ்ந்துடும்.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வழி முழுக்க அட்டைகளை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், இது என்ன தையல் மாதிரியா என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து, முதல் கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.